ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின்

ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் (ஜெர்மன் மொழியில் ரும்பெல்ஷ்டில்ட்ஸ்ஹென்) என்பது கிரிம் சகோதரர்கள் தொகுத்து வெளியிட்ட ஜெர்மானிய நாட்டார் கதைகளுள் ஒன்றாகும். வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தரவேண்டும், இல்லையேல் உயிரிழக்க வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்படும் ஓர் இளம்பெண், மாய ஆற்றல் கொண்ட குள்ள மனிதன் ஒருவனுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறாள். அவ்வொப்பந்தத்தின்படி தன் முதல் குழந்தையை இழக்க நேரும்போது, அவனது பெயரைக் கண்டறிந்து சொல்லி அவள் குழந்தையை மீட்பதே இக்கதையின் மையமாகும். கிரிம் தொகுப்பில் இது 55ஆவது கதையாக இடம்பெற்றுள்ளது. இதையொத்த கதைகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சு, ஐஸ்லாந்து முதலிய பல நாடுகளிலும் வழங்கி வந்துள்ளன.

கதைச் சுருக்கம்

கிரிம் தொகுப்பின் 1857ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள கதை பின்வருமாறு அமைகிறது.

ஏழை மாவு ஆலைக்காரன் ஒருவன் அரசனைச் சந்திக்கும்போது, தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்ளும் நோக்கில், தன் மகளுக்கு வைக்கோலைப் பொன்னாக நூற்கத் தெரியும் என்று சொல்லிவிடுகிறான். பொன்னாசை கொண்ட அரசன் அவளை அழைத்து, வைக்கோல் நிறைந்த அறையில் இராட்டையுடன் அடைக்கிறான். விடிவதற்குள் அத்தனையும் பொன்னாக வேண்டும், இல்லையேல் மரணம் என்று ஆணையிடுகிறான். அழுதுகொண்டிருக்கும் அவள்முன் ஒரு குள்ள மனிதன் தோன்றுகிறான். அவளுடைய கழுத்தணியைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு வைக்கோல் முழுவதையும் பொன்னாக நூற்றுத் தருகிறான்.

பொன்னைக் கண்ட அரசனின் ஆசை பெருகுகிறது. இரண்டாம் இரவு அதைவிடப் பெரிய அறையில் அவளை அடைக்கிறான். இம்முறை குள்ளன் அவளுடைய மோதிரத்தைப் பெற்றுக்கொள்கிறான். மூன்றாம் இரவு இன்னும் பெரிய அறை. வேலை முடிந்தால் அவளை மணந்துகொள்வதாக அரசன் கூறுகிறான். அவளிடம் கொடுப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அரசியான பின் பிறக்கும் முதல் குழந்தையைத் தருவதாக உறுதிமொழி கேட்கிறான் குள்ளன். வேறு வழியின்றி அவள் இசைகிறாள்.

ஓராண்டுக்குப் பின் அரசிக்குக் குழந்தை பிறக்கிறது. குள்ளனை அவள் மறந்தே போயிருக்கிறாள். அவன் வந்து குழந்தையைக் கேட்கிறான். நாட்டின் செல்வம் அனைத்தையும் தருவதாக அவள் சொல்லியும், உயிருள்ள ஒன்றே தனக்கு மேலானது என்று மறுத்துவிடுகிறான். ஆயினும் அவளுடைய அழுகைக்கு இரங்கி மூன்று நாள் அவகாசம் தருகிறான். அதற்குள் தன் பெயரைச் சொல்லிவிட்டால் குழந்தை அவளுக்கே என்கிறான். முதல் நாள் தெரிந்த பெயர்களையும், இரண்டாம் நாள் விந்தையான பெயர்களையும் அவள் சொல்லிப் பார்க்கிறாள், எதுவும் பொருந்தவில்லை. மூன்றாம் நாள், பெயர் தேடச் சென்ற தூதன் திரும்பி வந்து, காட்டோரத்தில் ஒரு சிறு வீட்டின்முன் நெருப்பைச் சுற்றி ஒற்றைக்காலில் குதித்தபடி ஒருவன் தன் பெயரைச் சொல்லிப் பாடியதைக் கேட்டதாகக் கூறுகிறான். அரசி வேறு இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு, இறுதியில் சரியான பெயரைச் சொல்கிறாள். சாத்தான்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கத்திய குள்ளன், சினத்தால் வலக்காலைத் தரையில் இடுப்பளவு புதையுமாறு உதைத்து, இடக்காலை இரு கைகளாலும் பற்றி, தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான்.

பெயர்

யோகான் ஃபிஷார்ட் என்னும் ஜெர்மன் எழுத்தாளர் 1575இல் வெளியிட்ட நூலில் உள்ள விளையாட்டுப் பட்டியலில் இப்பெயரை ஒத்த ஒரு பெயர் காணப்படுகிறது. பெயரின் முற்பகுதி தடதடவென்று ஒலியெழுப்புவதையும், பிற்பகுதி கழி அல்லது கட்டைக்காலையும் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. வீடுகளில் பொருள்களைத் தட்டி ஓசை எழுப்பித் தொல்லை தரும் சிறு பேயின் பெயராக இது விளங்கியது. தமிழில் இத்தகைய உருவைக் குட்டிச்சாத்தான் எனலாம்.

பெயரில் வேறொரு சிறப்பும் உண்டு. கதை முழுவதும் ஒரு பெயரைச் சுற்றியே நடந்தாலும், கிரிம் கதையில் பெயர் பெற்றவன் குள்ளன் மட்டுமே. கதைத் தலைவிக்குப் பெயர் இல்லை. அவள் முதலில் ஆலைக்காரன் மகள், பின்னர் அரசி.

பதிப்பு வரலாறு

யாக்கோபு கிரிம் (1785–1863), வில்லெம் கிரிம் (1786–1859) ஆகிய இருவரும் இக்கதையை ஒரே வடிவில் வெளியிடவில்லை. கையெழுத்துப்படிக்கும் பிந்திய பதிப்புகளுக்கும் இடையே முக்கியமான வேறுபாடுகள் உள்ளன.

1810ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படி: கவிஞர் கிளமென்ஸ் பிரென்டானோவுக்கு அனுப்பப்பட்ட இப்படி, பிற்காலத்தில் அல்சேசுப் பகுதியின் ஓலென்பெர்க் மடத்தில் கிடைத்தது. இதில் சிக்கலே நேர்மாறானது. பெண்ணிடம் நூற்பதற்கு ஆளிநார் தரப்படுகிறது. அவள் எவ்வளவு முயன்றும் பொன்னிழைதான் வருகிறதே தவிர, நூல் வரவில்லை. அவள் துயருற்று அமர்ந்திருக்கும்போது குள்ளன் வந்து, ஓர் இளவரசன் அவளை அழைத்துச் சென்று மணப்பான் என்று கூறி, முதல் குழந்தையைக் கேட்கிறான். முடிவில் அவன் ஓர் அகப்பையின்மீது ஏறிச் சாளரம் வழியே பறந்துவிடுகிறான்.

1812ஆம் ஆண்டு முதற்பதிப்பு: தந்தையின் பொய்ப்பெருமையும் அரசனின் பொன்னாசையும் இதில் இடம்பெறுகின்றன. பெயர் வெளிப்பட்டதும் குள்ளன் சினந்து ஓடிவிடுகிறான். அதன்பின் திரும்பி வரவில்லை.

1819ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு: குள்ளன் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும் முடிவு சேர்க்கப்பட்டது. இன்று பரவலாக அறியப்படும் வடிவம் இதனைப் பின்பற்றியதே.

கிரிம் சகோதரர்கள் காசல் நகரில் வாழ்ந்தபோது, அவர்களுக்கு அறிமுகமான வில்ட், ஹாசன்ஃப்ளுக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்களிடமிருந்து இக்கதையைக் கேட்டுப் பதிந்தனர். எட்கர் டெய்லர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜார்ஜ் குரூக்ஷாங்கின் படங்களுடன் 1823இல் இலண்டனில் வெளியானது. ஆங்கிலம் வழியாக இக்கதை உலகெங்கும் பரவ இது வழிவகுத்தது.

பெயரைக் கண்டறிபவர்

பதிப்புக்குப் பதிப்பு மாறிய மற்றொரு கூறு, குள்ளனின் பெயரைக் கண்டறிபவர் யார் என்பதாகும். 1810ஆம் ஆண்டுப் படியில் அரசியின் பணிப்பெண் அதைக் கேட்டு வருகிறாள். 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், வேட்டைக்குச் சென்ற அரசன் காட்டில் தான் கண்ட வேடிக்கையை மனைவியிடம் தற்செயலாகச் சொல்கிறான். பிந்திய பதிப்புகளில் அரசி அனுப்பிய தூதன் கண்டுபிடிக்கிறான். இதனால் பெண்ணின் பங்கும் மாறுபடுகிறது. அரசன் தற்செயலாகச் சொல்லும் வடிவில் அவளைக் காப்பது நற்பேறு. தூதனை அனுப்பும் வடிவில் அவளே திட்டமிட்டுத் தேடுகிறாள். எனினும் கிரிம் வடிவங்கள் எதிலும் அவள் நேரில் சென்று பெயரைக் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கும் பெண்ணை ஸ்காட்லாந்துக் கதையில் காணலாம்.

பிற நாட்டு வடிவங்கள்

வப்பிட்டி ஸ்டூரி (ஸ்காட்லாந்து)

இராபர்ட் சேம்பர்சு (1802–1871) தொகுத்த ஸ்காட்லாந்து நாட்டார் வழக்காறுகளில் இக்கதை உள்ளது. இதன் தலைவி ஏழைக் குடியானவப் பெண். சந்தைக்குப் போன கணவன் திரும்பவில்லை. கடற்படைக்கு ஆள்பிடிப்போர் கொண்டுபோயிருக்கலாம் என்று ஊரார் பேசிக்கொள்கின்றனர். அவளுக்கு எஞ்சியவை கைக்குழந்தையான மகனும், விரைவில் குட்டி ஈனவிருக்கும் ஒரு பெண்பன்றியும்தான். பன்றி நோயுற்றுச் சாகும் நிலையில் கிடக்கிறது. அது இறந்தால் குடும்பத்துக்குப் பிழைக்க வழியில்லை.

அப்போது பச்சை உடையணிந்த ஒரு முதியவள் வருகிறாள். பன்றியைக் குணப்படுத்தினால் என்ன தருவாய் என்று கேட்கிறாள். விருப்பமான எதையும் தருவதாகத் தாய் வாக்களித்துவிடுகிறாள். முதியவள் எதையோ முணுமுணுத்து எண்ணெய் தடவ, பன்றி எழுந்து நின்று தீனி தின்னத் தொடங்குகிறது. அதன்பிறகே அவள் தன் விலையைச் சொல்கிறாள்: குழந்தை வேண்டும். வந்தவள் மாயக் குலத்தவள் என்பதைத் தாய் அப்போதுதான் உணர்கிறாள். ஆனால் அக்குலத்தவருக்கும் சட்டம் உண்டு. மூன்றாம் நாள்வரை குழந்தையை எடுத்துச் செல்ல முடியாது. அதற்குள் தாய் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டால் அதன்பின்னும் முடியாது என்று அவளே தெரிவிக்கிறாள்.

இரண்டாம் நாள் மாலை, குழந்தையைச் சுமந்துகொண்டு காட்டில் நடக்கும் தாய், பழைய கல்வெட்டாங்குழி ஒன்றிலிருந்து இராட்டை ஓசையும் பாட்டும் வருவதைக் கேட்கிறாள். பாட்டில் பெயர் இருக்கிறது. மறுநாள் அவள் உடனே அதைச் சொல்லிவிடவில்லை. பன்றியை எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள் என்று கெஞ்சுவதுபோல நடிக்கிறாள், முதியவள் இகழ்கிறாள். பின்னர்ப் பணிவாக வணங்கி அப்பெயரைச் சொல்லி அழைக்க, முதியவள் அலறிக்கொண்டு ஓடிவிடுகிறாள். குழந்தையும் பன்றியும் தாயிடமே எஞ்சுகின்றன.

டாம் டிட் டாட் (இங்கிலாந்து)

சஃபோக் பகுதியில் வழங்கிய இக்கதையை ஜோசப் ஜேக்கப்ஸ் தமது 1890ஆம் ஆண்டு ஆங்கிலக் கதைத் தொகுப்பில் சேர்த்தார். மகள் ஒரே நாளில் ஐந்து பணியாரங்களைத் தின்றுவிட்டதைப் பாட்டாகப் பாடும் தாய், அரசன் கேட்டதும் வெட்கத்தால் சொல்லை மாற்றி, மகள் ஐந்து சிட்டம் நூல் நூற்றதாகக் கூறுகிறாள். அரசன் அவளை மணக்கிறான். பதினொரு மாதம் வேண்டியதெல்லாம் கிடைக்கும். பன்னிரண்டாம் மாதம் நாள்தோறும் ஐந்து சிட்டம் நூற்கவேண்டும், தவறினால் மரணம் என்பது நிபந்தனை. வாலைச் சுழற்றிக்கொண்டு வரும் கரிய குட்டிச்சாத்தான் ஒன்று அவளுக்கு நூற்றுத் தருகிறது. இங்கு விலை குழந்தையன்று. மாத முடிவுக்குள் பெயரைச் சொல்லாவிட்டால் அவளே அதற்கு உரியவளாகிவிடுவாள்.

ரிக்டின்-ரிக்டோன் (பிரான்சு)

லெரிட்டியே என்னும் பெண் எழுத்தாளர் 1705இல் வெளியிட்ட இக்கதை, கிரிம் தொகுப்புக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. ரோசானி என்னும் சிற்றூர்ப் பெண்ணுக்கு, நூற்பு வேலையை முடித்துத் தரும் மாயக்கோல் ஒன்று மூன்று மாதத்துக்குக் கடனாகத் தரப்படுகிறது. கொடுத்தவன் தன் பெயரையும் சொல்கிறான். கோலைத் திருப்பித் தரும்போது அப்பெயரை அவள் சொல்லவேண்டும். அவளோ அதை மறந்துவிடுகிறாள்.

கிலிட்ரூட் (ஐஸ்லாந்து)

ஜோன் அர்னாசன் 1862–1864 ஆண்டுகளில் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. கம்பளி நெய்ய மனமில்லாத ஒரு பண்ணைவீட்டு மனைவி, அவ்வேலையை ஓர் அரக்கியிடம் ஒப்படைக்கிறாள். கோடையின் முதல் நாளில், மூன்று முயற்சிக்குள் அரக்கியின் பெயரைச் சொல்லவேண்டும் என்பது கூலி. கணவன் பாறையருகே அதைக் கேட்டு வந்து சொல்கிறான்.

டஃபியும் சாத்தானும் (கார்ன்வால்)

டெர்ரிடாப் என்ற சாத்தான், டஃபி என்னும் பெண்ணுக்காக நூற்கிறது. பின்னல் வேலையும் செய்கிறது. பெயர் வெளிப்பட்டதும், அது செய்து கொடுத்த துணிகள் அனைத்தும் சாம்பலாகிவிட, வெளியே சென்றிருந்த கணவன் ஆடையின்றி வீடு திரும்ப நேர்கிறது.

சுவீடனின் லுண்ட் பேராலயத்தைப் பற்றிய தொன்மத்திலும் இக்கூறு உண்டு. பேராலயத்தைக் கட்டித்தரும் ஃபின் என்ற பூதம், தன் பெயரைச் சொல்லாவிட்டால் சூரியனையும் நிலவையும், அல்லது புனிதர் இலாரன்சின் கண்களைத் தரவேண்டும் என்கிறது. பூதத்தின் மனைவி பாடும் தாலாட்டில் பெயர் வெளிப்படுகிறது.

வகைப்பாடும் பழமையும்

நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் அட்டவணையில் இக்கதைகள் 500ஆம் எண் பெறுகின்றன. இவ்வகையின் பெயர் "மாய உதவியாளரின் பெயர்" என்பதாகும். 2016இல் சாரா கிராசா ட சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி ஆகியோர், இந்திய-ஐரோப்பிய மொழி பேசும் மக்களிடையே வழங்கும் 275 மாயக்கதை வகைகளை, உயிரியலில் கிளைவழி உறவை அறியப் பயன்படும் முறைகளைக் கொண்டு ஆய்வு செய்தனர். இவ்வகைக் கதை சில ஆயிரம் ஆண்டுகள் பழமையானதாக இருக்கக்கூடும் என்பது அவர்களது முடிவு. எழுத்துச் சான்றுகள் அவ்வளவு பின்னோக்கிச் செல்லாததால், இதனை உறுதியான வரலாறாகக் கொள்ளாமல் மதிப்பீடாகவே கொள்ளவேண்டும்.

ஒப்பந்தத்தின் அமைப்பு

இவ்வகைக் கதைகளில் வரும் ஒப்பந்தங்களில் சில பொதுக் கூறுகளைக் காணலாம்.

முதலாவது, நெருக்கடி. பெண் பேராசையால் ஒப்பந்தம் செய்வது அரிது. கிரிம் கதையில் தந்தையின் பொய்யும் அரசனின் மிரட்டலும், ஸ்காட்லாந்துக் கதையில் வறுமையும் அவளை அதற்குள் தள்ளுகின்றன.

இரண்டாவது, விலையின் தன்மை. கழுத்தணி, மோதிரம் என்று கையில் உள்ள பொருளில் தொடங்கும் கூலி, இன்னும் பிறவாத குழந்தையில் முடிகிறது. வாக்களிக்கும் நேரத்தில் குழந்தை வெறும் சொல்லாக இருக்கிறது. விலை கேட்கப்படும் நேரத்தில் அது கையில் இருக்கும் உயிராகிவிடுகிறது. எளிதில் கொடுத்த வாக்கு தாங்கமுடியாத கடனாக மாறுவது இந்தக் கால இடைவெளியினால்தான்.

மூன்றாவது, சொல்தவறாமை. ஐரோப்பிய நாட்டார் மரபில் இத்தகைய மாயக் குலத்தவர், தமிழில் தேவதை என்னும் சொல் உணர்த்துவதுபோல் நன்மையே செய்பவர்கள் அல்லர். ஆனால் தாம் சொன்ன சொல்லுக்கும் தம் குலச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். ஆகவே அவர்களை வலிமையால் வெல்ல இயலாவிட்டாலும் விதியால் வெல்லலாம்.

நான்காவது, விடுதலை விதி. ஒப்பந்தத்தை முறிக்கும் வழியை மாய உரு தானே சொல்கிறது. தன் பெயரை எவரும் அறியார் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கையே தனிமையில் அதனைப் பாடவைக்கிறது. பாட்டே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

நூற்பும் சமூகப் பின்னணியும்

பெரும்பாலான வடிவங்களில் பெண்ணுக்குத் தரப்படும் வேலை நூற்பதாகும். இயந்திரங்கள் வருமுன் ஐரோப்பிய வீடுகளில் நூற்பு முதன்மையாகப் பெண்களின் வேலையாக இருந்தது. ஒரு நெசவாளருக்குத் தேவையான நூலைத் தரப் பலர் நூற்கவேண்டியிருந்தது. நன்றாக நூற்கத் தெரிந்தவள் நல்ல மனைவி என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. ஜெர்மன் சிற்றூர்களில் குளிர்கால மாலைகளில் பெண்கள் ஓர் அறையில் கூடி நூற்பர். கதைகள் சொல்லப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

வைக்கோல் பொன்னாவது என்ற கற்பனைக்கும் இத்தொழிலில் அடிப்படை உண்டு. ஆளிச்செடியின் தண்டு காய்ந்தபின் வைக்கோல் போலவே தோன்றும். அதை ஊறவைத்து, உலர்த்தி, அடித்து, சீவியபின் கிடைக்கும் நார் வெளிர்பொன் நிறமாயிருக்கும். அதிலிருந்தே லினன் நூல் நூற்கப்படுகிறது. மலிவான தண்டிலிருந்து விலையுள்ள நூலை எடுப்பது நூற்பவளின் அன்றாட உழைப்பு. கதையில் வரும் மாயம் அவ்வுழைப்பின் மிகைப்படுத்தப்பட்ட வடிவம் எனலாம்.

கிரிம் சகோதரர்கள் இக்கதையைப் பதிந்த காலத்தில் அத்தொழில் மாறிக்கொண்டிருந்தது. பருத்தி நூற்பில் ஆர்க்ரைட்டின் நீர்விசை இயந்திரம் 1769இல் காப்புரிமை பெற்றிருந்தது. ஆளிநார் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நெப்போலியன் 1810இல் பத்து இலட்சம் பிராங்கு பரிசு அறிவித்தார். பிலிப் த ஜிரார் அதே ஆண்டில் அத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஜாக் சைப்ஸ் என்னும் ஆய்வாளர் 1993இல் எழுதிய கட்டுரையில், பெண்களின் நூற்புத் தொழில் மதிப்பிழந்ததோடு இணைத்து இக்கதையை விளக்கியுள்ளார். 1810ஆம் ஆண்டுப் படியில் தன் கையால் பொன்னிழை நூற்ற பெண், பிந்திய பதிப்புகளில் பொன்னாக நூற்கத் தெரியாதவளாகிவிடுவது இவ்விளக்கத்தோடு சேர்த்து நோக்கத்தக்கது.

பெயரின் ஆற்றல்

ஒருவரின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அவர்மீது ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. எட்வர்ட் கிளாட் என்பவர் 1898இல் டாம் டிட் டாட் கதையை அடிப்படையாகக் கொண்டு, இந்நம்பிக்கையை ஆராயும் ஒரு நூலையே எழுதினார். உளமருத்துவர் ஃபுல்லர் டாரி 1972இல் வெளியிட்ட தமது நூலில், நோயாளியின் துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைப்பதே ஆறுதல் அளிக்கும் என்பதை "ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கோட்பாடு" என்று குறிப்பிட்டார்.

விமர்சனங்கள்

கதையின் நீதி தெளிவற்றது என்ற கருத்து பலரால் முன்வைக்கப்படுகிறது. பொய் சொன்ன தந்தைக்கும், கொல்வதாக மிரட்டிய அரசனுக்கும் தண்டனை இல்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்து, இரக்கப்பட்டு அவகாசமும் தந்த குள்ளனே அழிகிறான். தன்னைக் கொல்ல நினைத்தவனையே பெண் மணக்கிறாள். பொன்னைக் கையாள்பவன், குழந்தையைக் கவர்பவன் என்னும் சித்திரிப்பு, யூதர்களுக்கு எதிரான ஐரோப்பிய அவதூறுகளை நினைவூட்டுவதாகவும் சிலர் சுட்டியுள்ளனர்.

பிற்காலப் படைப்புகள்

அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1971இல் வெளியிட்ட தொகுப்பில் இக்கதை கவிதையாக மறுஆக்கம் பெற்றுள்ளது. பால் செலின்ஸ்கி ஓவியம் தீட்டிய படக்கதை நூல் 1986இல் வெளிவந்தது. மார்கோட் செமாக்கின் ஓவியங்களுடன் வெளியான டஃபி கதை நூல், 1974இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. 2010இல் வெளியான நான்காவது ஷ்ரெக் திரைப்படத்தில், ஒப்பந்தங்களால் ஏமாற்றும் எதிர்நாயகனாக இப்பாத்திரம் வருகிறது. 2011 முதல் 2018 வரை ஒளிபரப்பான ஒன்ஸ் அப்பான் எ டைம் தொலைக்காட்சித் தொடரில் இராபர்ட் கார்லைல் இவ்வேடத்தில் நடித்தார்.

நவோமி நோவிக்கின் ஸ்பின்னிங் சில்வர் (2018) புதினம் இக்கதையைப் பெண்ணின் பக்கமிருந்து மாற்றி எழுதுகிறது. கடன் கொடுத்த பணத்தை வசூலிக்கத் தெரியாத யூத வட்டிக்கடைக்காரரின் மகள் மிரியெம், வறுமையில் வாடும் குடும்பத்தைக் காக்கத் தானே கணக்கை எடுத்துக்கொள்கிறாள். வெள்ளியைப் பொன்னாக்க வல்லவள் என்று அவள் தன்னைப்பற்றிச் சொன்னது பனிக்கால மாயக்குலத்தின் அரசனுக்கு எட்டிவிட, அவன் மும்முறை அதைச் செய்து காட்டுமாறு கட்டளையிடுகிறான். இங்கு மாய உதவியாளர் எவரும் வருவதில்லை. மிரியெம் வெள்ளியை அணிகலனாக்கி விற்று, வணிகத்தின் வழியாகவே அதைப் பொன்னாக்குகிறாள். இப்புதினம் 2019இல் சிறந்த மிகுபுனைவுப் புதினத்துக்கான லோக்கஸ் விருதைப் பெற்றது. கிரிம் கதையில் பெயரின்றி இருந்த பெண்ணுக்கு, இதில் பெயரும் தொழிலும் பேரம் பேசும் குரலும் கிடைத்துள்ளன.